இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றிய வண்டி

என் அக்கா கார் ஓட்டுவாள் என்பதைப் பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. காரணம் அந்தக் கார்தான். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்தது, ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் டிரைவர் உட்காரும் வலது பக்கத்தில் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, வெள்ளைச் சட்டை போட்டு மீசையை முறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இடது பக்கத்தில் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பாள். எதிரே வரும் லாரிக்காரன் மாமாவுக்குத்தான் கை காட்டுவான். மாமாவும் கூச்சமே இல்லாமல் திருப்பிக் கை காட்டுவார்.

மாமா பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவர். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்ததில் வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் இந்தக் காரை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். சேலத்தில் ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் விட்டுவிட்டுப் போனது. பெட்ரோல் குடிக்கிற குடிக்குப் பயந்து யாரும் சீண்டாமல் கிடந்தது. கால் போன பிறகு, விற்றுவிடு என்று சொந்தபந்தம் எல்லாம் அக்காவிடம் சொன்னது. நானும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சந்தை இல்லாத நாட்களில் சந்தைத் திடலில் சுற்றிச் சுற்றிப் பழகி, லைசென்சும் வாங்கிவிட்டாள். பிறகு கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தாள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வீட்டு அடுப்பும் அந்த வண்டியை நம்பித்தான் இருந்தன.

கம்பைநல்லூர்ப் பக்கம் அதற்கு ராசியான வண்டி என்று பெயர். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊர்களுக்குச் சாலை வழியாகப் போனால் பெரிய சுற்று. மழை இல்லாத மாதங்களில் எல்லோரும் மணலிலேயே இறங்கி ஏறிவிடுவார்கள். மற்ற வாடகைக் கார்கள் மணலில் பாதி தூரம் போய் உட்கார்ந்துவிடும். பத்துப் பேர் தள்ள வேண்டும். அக்காவின் கார் மட்டும் கனத்த பிருஷ்டத்தை ஆட்டிக்கொண்டு நிதானமாக ஏறிப் போய்விடும். கல்யாணத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பெண் ஏறிய வண்டி வாசலை விட்டுக் கிளம்பினால் கோயில் வாசலில்தான் நிற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நடுவில் நிற்கக் கூடாது. பின்னால் போகவே கூடாது. ரிவர்ஸ் எடுத்தால் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாளாம். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; கோயில் என்றால் மாதா கோயில்தான். சகுனம் பார்ப்பது பாவம் என்று சாமியார் பூசையில் சொல்வார், நாங்களும் தலையாட்டுவோம், வெளியே வந்ததும் பூனை குறுக்கே போகிறதா என்று பார்ப்போம்.

இது எண்பதுகளின் நடுவில். சேலத்தில் ஒரு பட்டறையில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி மெயின் ரோட்டில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருந்தேன். முப்பது வயது. எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. ஷெட்டுக்கு வண்டிகள் அவ்வளவாக வரவில்லை. அதனால் கோபம் மட்டும் நிறைய வந்தது. அக்காவின் காரைத்தான் தினமும் துடைத்துக்கொண்டும் குடைந்துகொண்டும் இருந்தேன்.

அந்தக் காரில் ஒரு சத்தம் இருந்தது. மெதுவாக ஒடித்துத் திருப்பும்போது பின்பக்கத்தில் 'கர்ர்ர்' என்று முனகும், அப்புறம் 'டக் டக்' என்று ஒரு உதறல். கோயில் தெருவில் திரும்பும்போது ஊரே கேட்கும்.

"அது நாங்க வாங்குனதுல இருந்தே அப்பிடித்தான்டா முனகுது. போற வண்டிய எதுக்குப் பிரிக்கற? வுடு" என்றாள் அக்கா.

"கல்யாணப் பொண்ணு உக்காந்திருக்கறப்ப கெழவன் இருமுற மாதிரி சத்தம் வந்தா, இந்த வண்டிய எவன்டா பாக்கறான்னு என்னியத்தான் கேப்பாங்க" என்றேன். அக்காவுக்கு நான் செய்யும் உதவி என்று நினைத்தேன். உண்மையில் என் பெயரைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறேன் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது.

பின் அச்சின் நடுவே பானை மாதிரி உப்பியிருக்கும் இடத்துக்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம் போனால் போதும், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுவது அதன் வேலை. நான் இரண்டு அச்சுத் தண்டுகளையும் உருவிவிட்டு, நடுவில் இருந்த டிஃபரன்ஷியலை முழுசாகக் கீழே இறக்கினேன். அதன் கூட்டில் இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே பல்சக்கரங்களுக்குப் பக்கத்தில் மெல்லிய இரும்புத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நான் அதுவரை பிரித்த எந்த வண்டியிலும் அப்படி இருந்ததில்லை.

பார்த்ததும் சிரித்தேன். தேய்ந்துபோன பல்சக்கரத்தின் சத்தத்தை அடக்க, டின் தகட்டை வட்டமாக வெட்டி உள்ளே செருகி வண்டியை விற்றுவிடுகிற வேலை நம் பக்கத்துப் பட்டறைகளில் உண்டு. நானே சேலத்தில் ஒருமுறை செய்திருக்கிறேன், அதற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்திருக்கிறேன். மாமாவின் தலையில் எவனோ இதைக் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தேன். அச்சின் போல்ட் ஒன்றில் ஒரு சின்னத் தகரச் சீட்டு தொங்கியது. இதற்கு என்று உள்ள தனி எண்ணெயைத் தவிர வேறு ஊற்றாதே என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. என் எண்ணெயையே வாங்கு என்று எல்லாக் கம்பெனிக்காரனும்தான் சொல்வான். சீட்டைக் கழற்றிப் பழைய நட்டுகள் போடும் டப்பாவில் வீசினேன்.

தர்மபுரியில் பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கும் பாய் ஒருவர் இருந்தார். அதே கம்பெனி, அதே மாடல் கார்கள் நான்கை பெங்களூரில் இருந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துப் போட்டிருந்தார். பற்களை எண்ணிப் பார்த்தேன், எங்களுடையதற்குச் சரியாக இருந்தது. தேயாத ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, எங்களுடையதை மாற்றாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பாய் ஒரு மாதிரி பார்த்தார். "நல்லாத்தானே இருக்குது தம்பி, இதை ஏன் தள்ளறீங்க?" என்றார். "வெளிய நல்லாத்தான் இருக்கும் பாய், உள்ள எல்லாம் பித்தலாட்டம்" என்றேன்.

மாட்டிய பிறகு சத்தம் இல்லை. ஒரு முனகல் இல்லை. கோயில் தெருவில் நாலு தரம் திருப்பிக் காட்டினேன். மாமா, "அட, பூனை மாதிரி போவுதுடா" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வாரமே அக்கரையில் ஒரு கல்யாணம். பெண் இக்கரை, மாப்பிள்ளையும் கோயிலும் அக்கரை. பெண்ணின் அப்பா ஊரில் நிலபுலம் உள்ளவர், டிராக்டர் வைத்திருப்பவர். நானும் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்த கூட்டத்தில் இருந்தேன். அக்கா எப்போதும் போல ஒரே சீராக மணலில் இறங்கினாள். பாதி ஆறு தாண்டியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உறுமியது, நின்றுவிட்டது.

எல்லோரும் ஓடினோம். நான் குனிந்து பார்த்தேன். வலது பின்சக்கரம் மணலை வாரி இறைத்துக்கொண்டு சுழல்கிறது. இடது பின்சக்கரம் அசையவே இல்லை, பூசைக்கு வந்து தூங்குகிறவன் போல இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. பழைய நாட்களில் இந்த வண்டி ஆற்றைக் கடந்த பிறகு மணலில் இரண்டு தடங்களும் ஒரே ஆழத்தில் இருக்கும். அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் மற்றதையும் சேர்த்து இழுத்துச் சுற்ற வைப்பதற்குத்தான் அந்தத் தட்டுகள். சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறதோ அதற்கே எல்லா பலத்தையும் கொடுத்துவிடும். நான் பித்தலாட்டம் என்று தூக்கி எறிந்தது, அந்த வண்டியின் ராசியை.

அக்கா தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் பின்னால எடுத்தா வந்துரும், வந்த தடத்துலயே எடுத்துரலாம்" என்றாள்.

"பின்னாலயா? பொண்ண வெச்சுகிட்டா?" என்று பெண்ணின் அத்தை நெஞ்சில் கை வைத்துக் கத்தினாள். தள்ளிப் பார்த்தார்கள், இன்னும் புதைந்தது. கடைசியில் பெண் இறங்கி, பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, தலையில் கல்யாணக் கிரீடத்தோடு மணலில் நடந்து அக்கரைக்குப் போனாள். அந்தப் பெண் நல்ல பெண், சிரித்துக்கொண்டேதான் போனாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பொம்பளை ஸ்டியரிங் பிடித்தால் இப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் காதுக்குக் கேட்கும்படிதான் சொன்னார்கள். ஓட்டியது யார் என்று அன்றைக்கு வரைக்கும் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோனது. நானோ, சுழன்ற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அந்த வாரத்துக்குள் வைகாசி முகூர்த்தத்துக்குச் சொல்லிவைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்களும் வேறு கார் பார்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா வண்டியைக் கழுவி, தார்ப்பாய் போட்டு மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். அந்த நான்கு கல்லும் என் மேல் வைத்த மாதிரி இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் அவள் வீட்டு வாசல் வரைக்கும் போவேன். அவள் சோறு போடுவாள். தின்றுவிட்டு வந்துவிடுவேன். வெட்கம் கெட்ட வயிறு.

நான்காம் நாள் தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். பாயிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ சொன்னார். பிறகு ஒரு மூலையைக் காட்டினார். பெங்களூர்க் கார்களில் மிச்சம் மூன்று, எங்களுடையது ஒன்று, ஆக நான்கு டிஃபரன்ஷியல்கள் வரிசையாக இருந்தன. துருப் பிடிக்காமல் இருக்க நான்கையும் கறுப்பு கிரீசில் குளிப்பாட்டியிருந்தார். ஓட்டைகள் எல்லாம் அடைந்து, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன.

"உங்களுது எதுன்னு எனக்கும் தெரியாதுங்க. உருக்கற எடத்துக்கு லாரி நாளைக்கு வருது. நல்ல வேளை இன்னிக்கு வந்தீங்க" என்றார் பாய்.

ஒவ்வொன்றாகக் கழுவிப் பிரித்தால் இரண்டு நாள் ஆகும். யோசித்தேன். வண்டியில் மாட்டியிருந்தால் பின்சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தி, ஒன்றைக் கையால் சுற்றிப் பார்த்தால் போதும். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மற்றச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். தட்டு வைத்தது என்றால் அதே பக்கம் சுற்றும். இங்கே சக்கரம் இல்லை, ஆனால் பாயிடம் பழைய அச்சுத் தண்டுகள் இருந்தன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு தண்டைச் செருகிவிட்டு, எதிரும் புதிருமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டோம். ஆளுக்கு ஒரு தண்டு. நான் என் தண்டை மேல்பக்கமாகச் சுற்றினேன், பாயின் கையில் இருந்தது கீழ்ப்பக்கமாகப் போனது. முதலாவது இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் என்னால் லேசில் சுற்ற முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். பாயின் தண்டு என் கை போன பக்கமே வந்தது, அவருடைய கை அதோடு சேர்ந்து திரும்பியது.

"அட, இது ஒத்துமையான குடும்பமா இருக்குதே!" என்றார் பாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நட்டு டப்பாவில் இருந்து தேடி எடுத்து வந்திருந்த தகரச் சீட்டை அவரிடம் காட்டினேன். அவருடைய மச்சான் பெங்களூரில் பழைய கார்க்காரர்களிடம் விசாரித்து, அந்த எண்ணெயை இரண்டு டின் பஸ்ஸில் போட்டு அனுப்பினார்.

அக்காவிடம், "சும்மா ஒரு தடவ பாத்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தார்ப்பாயை எடுத்து, பழையதையே திரும்பவும் மாட்டினேன். புது எண்ணெய் ஊற்றி, அது தட்டுகளுக்கு நடுவே இறங்குவதற்காகச் சந்தைத் திடலில் எட்டுப் போட்டு எட்டுப் போட்டு ஓட்டினேன். முனகல் பாதிக்குப் பாதி குறைந்தது. முழுதாகப் போகவில்லை. அந்த முனகலைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வண்டி சரியாகிவிட்டது, அக்காவின் பெயர் சரியாகவில்லை. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அன்று சாயங்காலமே அந்த டிராக்டர்க்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாலைந்து பேர் இருந்தார்கள். நல்லதாயிற்று என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "வண்டி மாட்டுனது எங்கக்கா குத்தமில்லீங்க. நான் செஞ்ச வேலையில தப்பு. நல்ல சாமான எடுத்துட்டு வேற சாமானப் போட்டுட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். "அக்கா மேல பாசம் இருக்க வேண்டியதுதான் தம்பி. அதுக்காவப் பொய் சொல்லாதே. உங்கக்காவே அடுத்த நாள் காலையில வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போச்சு. மணல்ல எறங்கறப்ப கியர் தப்பா போட்டுட்டேன், எம்மேலதான் தப்பு, எந்தம்பி வேலையில ஒரு குத்தமும் கிடையாது, உங்க டிராக்டர அவங்கிட்டயே வுடுங்கன்னுச்சு. அதனாலதான உங்கிட்ட அனுப்புனேன்."

அந்த டிராக்டர் இரண்டு நாளாக என் ஷெட்டில்தான் நின்றது. ஷெட்டுக்கு வந்த முதல் டிராக்டர். என் பெயர் பரவிவிட்டது என்று நான் உள்ளுக்குள் குதித்திருந்தேன். திரும்பத் திரும்பச் சொன்னேன், சத்தியம் செய்தேன், தட்டுகளைப் பற்றிக் கையை விரித்து விளக்கினேன். யாரும் நம்பவில்லை. நல்ல தம்பி என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அழுவதற்குப் பதிலாகக் கத்துவது என் சுபாவம். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய், மூன்று கல்யாணம் போய்விட்டதே, உன்னைப் பற்றி ஊரே பேசுகிறதே என்று கத்தினேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வண்டியில ஏறு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை முன்னால் உட்கார வைத்தாள். என்னைப் பின்னால், கல்யாணப் பெண் உட்காரும் இடத்தில் உட்காரச் சொன்னாள். நேராக ஆற்றுக்கு ஓட்டினாள். பூசை முடிந்து வந்தவர்கள் கரையோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அந்த டிராக்டர்க்காரரும் இருந்தார். அக்கா மணலில் இறங்கினாள். வண்டி புதைந்த அதே இடத்துக்கு வந்ததும் பிரேக்கை அழுத்தி, சுத்தமாக நிறுத்திவிட்டாள். ஆற்று மணலில் யாரும் செய்யாத காரியம் அது. மாமா பயந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கரையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வண்டி புதைஞ்சப்பவே எனக்குத் தெரியும்டா. உம்மூஞ்சியிலயே எழுதியிருந்துது. என்னிய, இவளுக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னா, இதோ இப்பிடி ஒரு தடவ ஓட்டிக் காட்டிருவேன். உனக்கு வேலை தெரியலன்னு சொல்லிட்டா, தெரியும்னு காட்டறதுக்கு எவன்டா உங்கிட்ட வண்டிய வுடுவான்?"

அக்கா முன்பக்கம் திரும்பி, கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டாள். பின்னால் இரண்டு சக்கரமும் ஒன்றாக மணலைப் பிடித்தன. கல்யாணப் பெண்கள் அழுத அந்த இடத்தில் உட்கார்ந்து, அக்கரை போய்ச் சேரும் வரைக்கும் நான் அழுதேன்.